ஹெல்மெட்டில் எண்ணெய்ப் பனி

"நான்தான் ஓட்டினேன்னு போலீஸ் பாலாய்ல போய்ச் சொல்லிடணுமாம். மத்ததெல்லாம் கம்பெனி போஸ் பார்த்துக்குவாராம். நான் சொல்ல மாட்டேன் அக்கா."

ஜெயலெட்சுமி கதவு நிலையில் ஒரு கையை ஊன்றியபடி இதைச் சொன்னாள். சூலியா தெருவில், நாணய மாற்றுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தச் சின்ன அலுவலகம். மரப்படி ஏறி வந்த மூச்சிரைப்பு அவளிடம் இல்லை. கோபம் மட்டும் இருந்தது. நாற்பது வயதிருக்கும். பெரிய ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி உரமேறிய தோள்கள்.

பிரமிளா மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு, நடந்ததை முதலிலிருந்து கேட்டாள். துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன் அவள் ஒரு மோட்டார் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேத மதிப்பீட்டாளர். எரிந்த, மோதிய, கவிழ்ந்த வண்டிகளின் வயிற்றுக்குள் தலையை விட்டே பாதி ஆயுளைக் கழித்தவள். பிரேக் செத்துப்போன ஒரு லோரிக்கு, 'டிரைவரின் கவனக்குறைவு' என்று எழுதச் சொன்ன அன்று பேனாவை மேசையில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள். திரும்பப் போகவில்லை.

ஜெயலெட்சுமி வேலை பார்த்தது மோகனராஜ் என்பவரின் சுற்றுலாக் கம்பெனியில். கம்பெனிக்கு இரண்டு மோட்டர்ஹோம்கள். படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் உள்ளேயே உள்ள, பஸ் அளவு டீசல் வண்டிகள். இரண்டும் வெள்ளை நிறம், பச்சைக் கோடு. வாசல் கதவருகே சின்ன எழுத்தில் உள்ள பெயரைப் பார்த்தால்தான் எது முத்து, எது பவளம் என்று தெரியும். முத்து ஜெயலெட்சுமியின் வண்டி. பவளத்தை ஓட்டுபவன் மோகனராஜின் தங்கை மகன் ஹரீஷ்.

சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரம், சுங்கை பாக்காப்புக்கு அருகே செம்பனைத் தோட்டச் சாலையில் ஒரு மோட்டர்ஹோம் திருப்பத்தைத் தவறவிட்டு நின்றது. பிறகு பின்னால் வந்தது. பின்னாலிருந்த மோட்டோ சைக்கிள் மீது ஏறி, ஓட்டி வந்த இக்மல் என்ற வாலிபனின் காலை நசுக்கிவிட்டு, நிற்காமல் போய்விட்டது. பெரிய சாலையிலுள்ள பெட்ரோல் நிலையத்துக் கேமராவில் பச்சைக் கோடு தெரிந்தது. நம்பர் தகடு அழுக்கில் கறுத்துப்போய் எண் தெரியவில்லை.

பவளம் பழுதாகி டெப்போவிலேயே கிடந்தது, நகரவே இல்லை என்று மோகனராஜ் போலீசிடம் சொல்லிவிட்டார். அப்படியானால் மிச்சம் முத்து. சனிக்கிழமை மதியமே முத்துவை டெப்போவில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனதாக ஜெயலெட்சுமி சொல்கிறாள். அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. திங்கட்கிழமை அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நாளைக் காலை போலீஸ் வந்து வண்டிகளைப் பார்க்கப்போகிறது. அதற்குள் அவளே ஒப்புக்கொண்டுவிட்டால் வக்கீல் செலவெல்லாம் கம்பெனி பார்க்கும் என்று மோகனராஜ் அன்று காலை ஆள் விட்டிருந்தார்.

"செய்யாததைச் செஞ்சேன்னு சொன்னா லைசென்ஸ் போகும், மானம் போகும். அதுகூடப் பரவால்ல. அந்தப் பையனை அப்படியே போட்டுட்டுப் போனவ நானாயிடுவேன். அது என்னால முடியாது."

மேசை ஓரத்தில் சாய்ந்து நின்ற ஜாஹிர் கார்ச் சாவியை எடுத்தான். பிரமிளாவின் உதவியாளன். முன்பு வெளிநாட்டுப் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருந்தவன். வாய் அதிகம் என்று அங்கே நிறுத்தினார்கள். அந்த வாய்க்காகவே பிரமிளா சேர்த்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிதானே அக்கா?"

"எப்படிச் சொல்றே?"

"கால் உடைஞ்சவன் ஒருத்தன்தான் எங்கேயும் ஓடாம இருப்பான். அவன்கிட்டேர்ந்துதான் ஆரம்பிக்கணும்."

தீவிலிருந்து பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்குப் போகும் வழியெல்லாம் ஜெயலெட்சுமி பின்சீட்டில் பேசாமல் வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் தான் உள்ளே வரவில்லை என்றாள். அந்தக் குடும்பத்தின் கண்ணில் இப்போது அவள்தான் குற்றவாளி.

வார்டு வாசலில் இக்மலின் அக்கா ஃபாத்தின் வழிமறித்தாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தூக்கமில்லாத கண்களோடு நின்றாள். யார் அனுப்பி வந்தார்கள் என்று தெரிந்ததும் அவள் முகம் கல்லாகிவிட்டது. அந்த டிரைவருக்காக வந்தவர்களோடு தனக்குப் பேச்சே இல்லை என்றாள். தம்பியின் கால் தேறுமா என்று டாக்டர்களாலேயே இன்னும் சொல்ல முடியவில்லை.

பிரமிளா மலாயிலேயே பேசினாள், கெஞ்சவில்லை. "தப்பான ஆள் மாட்டினா, சரியான ஆள் இன்னிக்கும் வீட்ல நல்லாத் தூங்குவான். உங்களுக்கு அது சம்மதம்னா நாங்க போயிடுறோம்."

ஃபாத்தின் கதவைத் திறந்துவிட்டாள்.

இக்மலின் கால் கம்பிகளுக்குள் தொங்கியது. குரல் பலவீனமாக இருந்தாலும் நினைவு தெளிவாக இருந்தது. தோட்டச் சாலை குறுகல் என்பதால் அந்தப் பெரிய வண்டியை முந்த முடியாமல் பின்னாலேயே வந்தானாம். கொஞ்ச தூரத்தில் தூறல் விழ ஆரம்பித்தது. ஹெல்மெட் கண்ணாடி மங்கியது. ஒரு கையால் துடைத்தான். துடைத்ததும் இன்னும் மோசமாகிப்போய் ஒன்றுமே சரியாகத் தெரியவில்லை. வேகத்தைக் குறைத்து நிறுத்தினான். அப்போதுதான் முன்னால் நின்ற வெள்ளைச் சுவர் தன்னை நோக்கி வந்தது. ஹாரன் அடித்தான். அது நிற்கவில்லை.

"சனிக்கிழமை மழையா?" பிரமிளா ஃபாத்தினைப் பார்த்துக் கேட்டாள்.

இல்லை, அன்று வெயில் மண்டையைப் பிளந்தது என்றாள் ஃபாத்தின். துவைத்த துணியெல்லாம் இருட்டும்வரை கொடியில்தான் கிடந்ததாம்.

ஹெல்மெட் கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. போலீஸ் மோட்டோவைக் கொண்டுபோனது. இதை யாரும் கேட்கவில்லை. பிரமிளா பையைப் பிரித்து, கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். முழுக்க ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளிகள். நடுவில் ஒரு கை துடைத்த வளைவு, வெண்ணெய் தடவியதுபோல. மூக்கருகே கொண்டுபோனாள். ஜாஹிரிடம் நீட்டினாள்.

அவன் முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "பழைய இஞ்சின் எண்ணெய். வானத்துலேர்ந்து இது விழுந்துச்சுன்னா, அந்த மேகத்தை உடனே சர்வீசுக்கு விடணும்லா."

படுக்கையில் கிடந்த இக்மலின் உதடு லேசாக அசைந்தது. சனிக்கிழமைக்குப் பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று ஃபாத்தின் பிறகு சொன்னாள். ஹெல்மெட்டை அவளே பிரமிளாவின் கையில் கொடுத்தாள்.

கார் நிறுத்துமிடத்தில் இக்மல் சொன்னதைக் கேட்டு, ஹெல்மெட்டைப் பார்த்த கணமே ஜெயலெட்சுமி, "ப்ரீதர்" என்றாள். பிரமிளாவும் அதே வார்த்தையைத்தான் சொல்ல வாயெடுத்திருந்தாள். நடுவில் நின்ற ஜாஹிர் தனக்கும் யாராவது சொல்லலாம் என்றான்.

"இஞ்சினுக்கும் மூச்சு உண்டு, ஜாஹிர். பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் காத்து கீழே கசியும். அதை வெளியே விடாட்டி உள்ளே அழுத்தம் ஏறும். அதுக்கு ஒரு குழாய் வெச்சிருப்பாங்க. அதுதான் ப்ரீதர். வர்ற காத்து சும்மா வராது. எண்ணெயைப் பனி மாதிரித் தூக்கிக்கிட்டு வரும்."

"அது மூச்சு இல்ல அக்கா. ஏப்பம்."

"சரி, ஏப்பம். இந்த வண்டிகளுக்கு இஞ்சின் பின்னாடி. குழாயோட வாயும், ரேடியேட்டர் காத்தாடியும் பக்கத்துல பக்கத்துல. காத்தாடி அந்த எண்ணெயை வாரி ரேடியேட்டர் மேல அடிக்கும். மிச்சத்தைப் பின்னாடி வர்றவன் மூஞ்சியில அடிக்கும்."

ஜெயலெட்சுமி மீதியைச் சொன்னாள். அந்த எண்ணெயில் தூசு ஒட்டி ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும். மேட்டில் ஏறினால் இஞ்சின் கொதிக்கும். குழந்தைகளோடு வந்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் கொதித்த இஞ்சினோடு நின்றபிறகு, அவள் மோகனராஜிடம் நேரே போய்க் கேட்டாள். ப்ரீதர் வாயில் நீண்ட ரப்பர்க் குழாய் மாட்டி, எண்ணெயைப் பிடித்துவைக்கும் ஒரு குப்பி வழியாக விட்டு, மிச்சக் காற்றைக் காத்தாடிக்கு எட்டாமல் பம்பருக்குக் கீழே இறக்கிவிட்டால் போதும் என்றாள். அவர் சிரித்து அனுப்பிவிட்டார். அவளே ஒரு பட்டறையில் முத்துவுக்கு மட்டும் அதைச் செய்துகொண்டாள். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் குப்பியைக் கழற்றி எண்ணெயைக் கொட்டுவாள். பவளத்துக்கு யாரும் செய்யவில்லை.

"அப்போ முத்துவால இந்தக் கண்ணாடியை மங்க வைக்க முடியாது," என்றாள் பிரமிளா.

"முடியவே முடியாது அக்கா. நீங்களே வந்து பாருங்க."

சிம்பாங் அம்பாட்டில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருந்தது டெப்போ. முத்துவில் கிடக்கும் தன் சாமான்களை எடுக்க வந்திருப்பதாக ஜெயலெட்சுமி சொன்னதும் கதவு சுலபமாகவே திறந்தது. மோகனராஜ் தானே நடந்து வந்தார். வெளுத்த சட்டை, வெட்டிச் சீவிய நரைமீசை, யாருக்கும் அவசரமில்லை என்று சொல்லும் நடை. பிரமிளா யாரென்று தெரிந்ததும் அவர் பதறவில்லை. தாராளமாகப் பார்க்கலாம், கம்பெனியில் மறைக்க எதுவும் இல்லை என்றார். அவருக்குப் பின்னால் ஹரீஷ் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். இருபத்தைந்து வயதுக்காரன். கையில் தோல் உரியும் அளவுக்கு எதையோ தேய்த்துக் கழுவிய சிவப்பு.

இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஜெயலெட்சுமி முத்துவின் பின்பக்கம் போய் மூடியைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது.

முத்துவில் குழாயும் இல்லை, குப்பியும் இல்லை. ப்ரீதரின் மொட்டை வாய் காத்தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்சுவர், பம்பர், நம்பர் தகடு, எல்லாம் எண்ணெய் பூசிக் கறுத்திருந்தன. பிரமிளா பவளத்தின் மூடியைத் திறந்தாள். நீண்ட ரப்பர்க் குழாய், குப்பி, கீழே இறங்கும் மறுமுனை, எல்லாம் அங்கே ஒழுங்காக மாட்டியிருந்தன. பவளத்தின் பின்சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"இந்தப் பொண்ணு உங்ககிட்ட என்ன சொல்லிச்சோ தெரியாது," என்றார் மோகனராஜ். குரலில் வருத்தம்கூட இருந்தது. "எண்ணெய் துப்புற வண்டி எதுன்னு நீங்களே பாருங்க."

"அது என் குழாய். நான் மாட்டினது." ஜெயலெட்சுமி சொன்னாள். ஆனால் அவள் பிரமிளாவைப் பார்க்கவில்லை. நம்புவாளா என்று தெரிந்துகொள்ளப் பயந்ததுபோல இருந்தது.

ஜாஹிர் பிரமிளாவின் காதருகே வந்தான். "அக்கா, நம்ம கேஸ் இப்பத்தான் ரிவர்ஸ் எடுத்துச்சு. பின்னாடி நாமதான் நிக்கிறோம்."

பிரமிளா முத்துவின் பின்சுவரை நெருங்கி, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள். ஹெல்மெட்டில் இருந்தவை புள்ளிகள். இங்கே இருந்தவை இழுப்புகள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, கந்தலை எண்ணெயில் தோய்த்து யாரோ வெள்ளையடித்த மாதிரி. பனி இப்படிப் படியாது.

ஆனால் இதை அவள் சொன்னால், கழுவப் பார்த்தபோது அப்படியாகிவிட்டது என்று மோகனராஜ் சொல்லிவிடுவார். துடைக்கவும் பூசவும் முடிகிற இடம் வேண்டாம். கை போகாத இடம் வேண்டும்.

சுவரோரம் ஒரு விளக்குமாறு சாய்ந்திருந்தது. அதிலிருந்து இரண்டு ஈர்க்குச்சிகளை உருவிக்கொண்டாள்.

"வீட்டைக் கூட்டப் போறீங்களா?" மோகனராஜ் சிரித்தார்.

"உள்ளே மட்டும்."

முதல் குச்சியை முத்துவின் ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே செருகி, காத்தாடிப் பக்கம்வரை விட்டு, மெல்லத் திருகி எடுத்தாள். உலர்ந்த செம்மண் தூசு கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஊதினாள், பறந்துபோயிற்று. இரண்டாவது குச்சியைப் பவளத்தில் செருகினாள். பாதியில் சிக்கியது. அழுத்தித் திருகி இழுத்தபோது, கறுத்த பிசினும் செம்பனை நாரும் பிணைந்து, ஈரக் கம்பளித் துண்டுபோல ஒரு கொத்து வெளியே வந்தது. கையில் பிசுபிசுத்தது.

இரண்டு குச்சிகளையும் மோகனராஜின் கண்ணெதிரே பிடித்தாள்.

"முத்து எண்ணெய் துப்புற வண்டின்னா அதோட ரேடியேட்டர் இப்படி உலர்ந்து இருக்காது. பவளத்துக்குக் குழாய் முன்னமே இருந்திருந்தா இவ்வளவு பிசின் சேர்ந்திருக்காது. குழாயை மாத்தினீங்க, வெளியே துடைச்சீங்க, இதுக்கு எண்ணெய் பூசினீங்க. உள்ளே என்ன இருக்குன்னு யோசிக்கல. சனிக்கிழமை போனது பவளம்."

ஜாஹிர் சத்தமில்லாமல் போனை எடுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போனான். விசாரணை அதிகாரியான இன்ஸ்பெக்டர் ஹைருலின் எண்ணை வரும்போதே தேடி வைத்திருந்தான். வண்டிகளை நாளை பார்ப்பதாக இருந்தால், பார்க்க ஒன்றும் மிஞ்சாது என்று மட்டும் மலாயில் சொன்னான்.

பிரமிளா ஹரீஷ் பக்கம் திரும்பினாள். பவளத்தை ஓட்டுபவன் அவன். கை சிவக்கக் கழுவியவன் அவன். அவன்தான் என்று அவள் அந்தக் கணம்வரை நம்பினாள்.

மோகனராஜ் ஒரு பெருமூச்சு விட்டார். மருமகனின் தோளில் கைவைத்தார். அவர் இவ்வளவு சீக்கிரம் இறங்கிவருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சின்னப் பையன், பயந்துவிட்டான், தங்கை மகன் என்பதால் காப்பாற்றப் பார்த்தேன், பெற்றவன் ஸ்தானத்தில் இருப்பவன் வேறு என்ன செய்வான் என்று நிதானமாகச் சொன்னார். நடந்தது விபத்துதானே என்றார்.

"அந்தப் பையன் மேலயும் தப்பு இருக்குலா. கண்ணாடி மங்கினா ஓரமா நின்னு தொடைக்கணும். ஒரு கையால தொடைச்சிக்கிட்டே பின்னாலயே ஒட்டிக்கிட்டு வந்தா?"

பிரமிளா குச்சிகளைத் தாழ்த்தினாள்.

"அவன் தொடைச்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பிரமிளா கேட்டாள்.

நடந்ததை இக்மல் அன்று மதியம்தான் முழுதாகச் சொல்லியிருந்தான். பிரமிளாவோ ஜாஹிரோ ஜெயலெட்சுமியோ இங்கே அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஹெல்மெட் காருக்குள் பூட்டிக் கிடந்தது. அவன் கையைத் தூக்கிக் கண்ணாடியைத் துடைத்ததைப் பார்த்திருக்கக்கூடிய ஒரே ஆள், வளைவில் திரும்பும்போது முன்னால் போன வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்த டிரைவர்.

"ஹரீஷ் சொன்னான்," என்றார் மோகனராஜ். கை இன்னும் மருமகனின் தோளில்தான் இருந்தது. விரல்கள் மட்டும் இறுகின.

ஹரீஷ் தரையைப் பார்த்தான். 

அவன் மறுக்காததைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார் மோகனராஜ். பேச்சு போதும், இது என் இடம், என் வண்டி, அழுக்காக இருந்தால் கழுவுவது என் இஷ்டம் என்றார். தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தைக் கொண்டுவந்து பவளத்தின் ரேடியேட்டரை அடித்துக் கழுவும்படி ஹரீஷிடம் சொன்னார். போலீஸ் வருவதற்குள் அந்தப் பிசின் சாக்கடையில் போய்விடும். பிரமிளாவின் கையில் ஒரு ஈர்க்குச்சி மட்டும் மிஞ்சும். அதை எந்த விளக்குமாற்றிலிருந்து வேண்டுமானாலும் உருவலாம்.

மோட்டார் உறுமத் தொடங்கியது. ஹரீஷ் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி வந்தான்.

பவளத்தின் திறந்த பின்பக்கத்துக்கும் அவனுக்கும் நடுவே ஜெயலெட்சுமி போய் நின்றாள். முதுகை ரேடியேட்டரோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கைகளாலும் பக்கச் சட்டங்களைப் பிடித்துக்கொண்டாள்.

"கழுவணும்னா என்னைச் சேர்த்துக் கழுவு."

தள்ளி நிற்கும்படி மோகனராஜ் அதட்டினார். அவள் அசையவில்லை. ஹரீஷ் குழாயைத் தாழ்த்தினான். மோகனராஜ் அதை அவன் கையிலிருந்து பிடுங்கி, விசையை அழுத்தினார்.

தண்ணீர் அவள் தோளில் அறைந்தது. சட்டை உடம்போடு ஒட்டியது. தலைமுடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. பீய்ச்சல் கைக்கு இறங்கியபோது தோல் சிவந்து தடித்தது. ஜாஹிர் ஓடிவந்து குறுக்கே விழப் பார்த்தான். வேண்டாம் என்று அவள் தலையாலேயே தடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள், பிடியை விடவில்லை. பிரமிளா போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.  

திடீரென்று தண்ணீர் நின்றது. மோட்டார் அடங்கியது. சுவரோரம் ஹரீஷ் நின்றான். பிடுங்கிய பிளக் அவன் கையில் இருந்தது.

"நான் ஓட்டல," என்றான். "சனிக்கிழமை தைப்பிங்ல என் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். மண்டபம் பூரா என்னைப் பார்த்துச்சு. மாமாதான் வரல. எங்க அம்மா போன் மேல போன் போட்டாங்க. அவர் எடுக்கல."

மோகனராஜ் அவன் பெயரைச் சொல்லி ஒரு அடி முன்னால் வைத்தார். ஹரீஷ் பின்வாங்கவில்லை. இதுவரை குனிந்தே இருந்த தலை நிமிர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை குழாயை மாற்றச் சொன்னதும், முத்துவுக்கு எண்ணெய் பூசச் சொன்னதும் அவர்தான் என்றான். எதற்கு என்று கேட்டதற்கு, சோறு போடுகிறவரிடம் கேள்வி கேட்காதே என்றாராம். மோகனராஜிடம் கனரக வண்டி ஓட்டும் லைசென்ஸே கிடையாது என்றும் சொன்னான். பவளத்தை வாங்க வந்த யாருக்கோ ஓட்டிக் காட்டத் தானே எடுத்துப் போனவர், தனியாகத் திரும்பும்போது வழி தவறினாராம். அது வெளியே தெரிந்தால் கம்பெனி உரிமமே பறிபோகும்.

"பின்னாடி கேமரா இருக்கே. அதைக்கூடவா பார்க்கல?" ஜாஹிர் கேட்டான்.

ஹரீஷ் பவளத்தின் பின்சுவர் உச்சியைக் காட்டினான். துடைத்தபோது ஏணி எட்டாமல் விட்டுப்போன இடம் அது. கேமராவின் கண்ணில் எண்ணெய்ப் படலம் படர்ந்து, வெந்த மீனின் கண்போல வெளுத்திருந்தது. ஒரே எண்ணெய்தான் முன்னால் இருந்தவனையும் பின்னால் இருந்தவனையும் குருடாக்கியிருக்கிறது. ஒரு ரப்பர்க் குழாய் இருந்திருந்தால் இருவருமே பார்த்திருப்பார்கள்.

"ஆனா ஹாரன் அடிச்சானே," என்றாள் ஜெயலெட்சுமி. முகத்தில் வழிந்த தண்ணீரை அவள் துடைக்கவில்லை. மோகனராஜை நேராகப் பார்த்தாள். "எண்ணெய் கண்ணைத்தான் மறைக்கும் போஸ். காதை மறைக்காது."

மோகனராஜின் கையிலிருந்த குழாய் தரையில் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் ஹைருல் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்தபோது, ஜெயலெட்சுமி அதே இடத்தில்தான் நின்றாள். அவர் வந்து ரேடியேட்டரைத் தன் கண்ணால் பார்த்து, படம் எடுத்து, பிசினைப் பைக்குள் போட்டு முத்திரை வைக்கும்வரை அவள் நகரமாட்டேன் என்றுவிட்டாள். பிரமிளா ஹெல்மெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். மோகனராஜ் வக்கீலைக் கூப்பிட வேண்டும் என்றார். வண்டியில் ஏறிய பிறகு கூப்பிடலாம் என்று ஹைருல் சொல்லிவிட்டார்.

ஹரீஷ் தயங்கித் தயங்கி ஜெயலெட்சுமியிடம் வந்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான்.

"எங்கிட்ட வேணாம்பா. ஆஸ்பத்திரியில ஒருத்தன் படுத்திருக்கான். அவனோட அக்கா கதவுகிட்டயே நிப்பாங்க. முதல்ல அவங்க முன்னாடி போய் நில்லு. அது கஷ்டம். ஆனா போ."

அவன் தலையசைத்தான்.

ஹைருல் அவளிடம் மரியாதையாகவே பேசினார். வீட்டுக்குப் போய் உடை மாற்றிக்கொண்டு, கையை டாக்டரிடம் காட்டிவிட்டு நாளை வந்தால் போதும், வாக்குமூலத்தை நிதானமாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

"இப்பவே வர்றேன்," என்றாள் ஜெயலெட்சுமி. "ஈரம் காயறதுக்குள்ள எழுதிக்குங்க."

ஜாஹிரின் காரில் போனார்கள். சீட் நனையும் என்று அவள் தயங்கியபோது, இந்தக் காரின் கூரை ஒழுகுவதைவிட அவள் குறைவாகத்தான் ஒழுகுகிறாள் என்று அவன் சொன்னான். அவள் முதன்முறையாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகத் திரும்பியது. சாலை முழுக்க அழுதாள். பிரமிளா ஆறுதல் எதுவும் சொல்லாமல், அவளுடைய தடித்த கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பாலாய் வாசலில் கார் நின்றபோது ஜெயலெட்சுமி முகத்தைத் துடைத்துக்கொண்டு தானே கதவைத் திறந்து இறங்கினாள்.

உள்ளே ஹைருல் கணினி முன் அமர்ந்து தானே தட்டச்சு செய்தார். பெயர், முகவரி. அடுத்து, தொழில் என்ற இடத்தில் திங்கட்கிழமை கம்பெனி கொடுத்த தகவல் ஏற்கனவே ஏறியிருந்தது: வேலை இல்லை. அவர் அதைத் தாண்டி அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார்.

"அதை அழிங்க," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"லைசென்ஸ் எனக்கு மோகனராஜ் குடுக்கல. நானே ஓட்டிக் காட்டி வாங்கினது. டிரைவர்னு போடுங்க."

அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சட்டை நுனியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. ஹைருல் அந்த வரியை அழித்தார். அவள் சொன்ன வார்த்தையை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.